வெளிக்காற்று முப்பத்தேழு

பீளமேட்டு விமான நிலைய வாசலில் முதலாளியை இறக்கிவிட்டு, வேலியோரத்துப் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திய பிறகுதான் ஆறுச்சாமி அந்த எண்ணைப் பார்த்தான். முப்பத்தேழு. மார்கழி மாதம், காலை ஆறே முக்கால் மணி. பக்கத்து டாக்ஸிக்காரன் மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு, டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்தியபடி நின்றிருந்தான். கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினால் விரல்நுனி சில்லிட்டது. ஆனால் ஸ்பீடோமீட்டருக்குக் கீழே, பச்சை வெளிச்சத்தில், வெளிக்காற்றின் சூடு முப்பத்தேழு என்று வண்டி சொன்னது.

வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கோயமுத்தூரில் இதே மாதிரி மூன்றோ நாலோ ஓடினால் அதிகம். நூல் மில் முதலாளி வெங்கடபதிக்கு இந்த வண்டியில் மற்ற எதையும்விட இந்த எண்ணைத்தான் பிடிக்கும். குன்னூர் பங்களாவுக்கு மலையேறும்போது பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, "இப்ப எத்தனை காட்டுதுங்க ஆறுச்சாமி?" என்று வளைவுக்கு வளைவு கேட்பார். அவர் யாரையும் நீ என்று சொல்ல மாட்டார். பத்து வருடம் வேலை செய்த ஆளை நின்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பும்போதும் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்லுவார். அந்த 'ங்க'வைக் கேட்டால் மில்லில் ஆட்கள் செய்கிற வேலையை விட்டு எழுந்து நிற்பார்கள்.

இன்று விடிகாலை குன்னூரில் பதினொன்று. மேட்டுப்பாளையத்தில் பதினைந்து. காரமடையில் பதினாறு என்று ஆறுச்சாமியே வாய்விட்டுச் சொன்னான். அதற்கப்புறம் அவன் எண்ணைப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலைமையில் இல்லை.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. பாம்பே விமானத்துக்கு நேரமாகிறது என்று முதலாளி கடிகாரத்தைத் தட்டிக் காட்டவும், சரவணம்பட்டிப் பக்கம் போய்ச் சேரும் ஊர்ச்சாலையில் வண்டியைத் திருப்பினான். இரண்டு பக்கமும் சோளக்காடு, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குத் தார். பனி சுண்ணாம்புத் தண்ணீராய் நின்றது. ஒரு பள்ளத்துப் பாலத்துக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்துக்குள் என்னவோ வெள்ளையாக வந்தது, முன்பக்கம் ஒரு மொத்து விழுந்தது, தகரம் உருண்டு உருண்டு போகும் சத்தம் கேட்டது. அவன் கால் பிரேக்கில் இருந்தது.

"நிறுத்தாதீங்க," என்றார் முதலாளி, பின்னாலிருந்து, குரல் உயராமல். "நாய்ங்க அது. போங்க."

நாய் பால் கேன் தூக்கிக்கொண்டு போவதை ஆறுச்சாமி அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் போனான். குடியிருக்கிற மில் லைன் வீடு முதலாளி கொடுத்தது. மகள் அன்புச்செல்விக்கு நர்ஸ் படிப்பில் இடம் முதலாளி வாங்கிக் கொடுத்தது. கால் தானாக ஆக்ஸிலரேட்டருக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

இப்போது இறங்கி முன்னால் வந்து குனிந்து பார்த்தான். பம்பர் முழுசாக இருந்தது. ஒரு பனிவிளக்கின் கண்ணாடியில் கீறல். ரத்தம் இல்லை. பால் மட்டும் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. அவன் கட்டியிருந்த எலுமிச்சைக் கயிற்றைக் காணோம். அறுந்து எங்கேயாவது விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பக்கெட்டில் தண்ணீர் வாங்கி அந்தப் பாலைக் கழுவினான். அதற்குள்ளாகவே புளித்துவிட்ட வாசம் கையில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து வண்டி மூக்கில் கட்டாமல் எந்த டிரைவரும் இந்த ஊரில் சாவியைத் தொட மாட்டான். பழைய அம்பாசடரில் கட்ட ஆயிரம் இடம். இந்த வண்டியின் பம்பரோ ஒரே வழவழப்பு, கயிறு மாட்ட ஒரு கொக்கி கிடையாது. ஆறுச்சாமி மல்லாந்து படுத்துத் தேடியபோது, பம்பருக்கு அடியில் ஒரு ஓட்டைக்குள், கட்டைவிரல் நுனி அளவுக்குக் கறுப்பாக ஒரு மொட்டு நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டான். இதற்காகவே வைத்தது மாதிரி இருந்தது. எட்டு மாதமாக அதில்தான் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தான்.

லைட்டைச் சரி பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் முதலாளி விமானம் ஏறினார். ஒன்பதரைக்கு உக்கடத்தில் மைதீன் பிச்சை கடைக்குப் போனான். வெளிநாட்டு வண்டிகளின் வயரிங்கில் கை வைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வழியெல்லாம் எண் முப்பத்தேழிலேயே இருந்தது.

மைதீன் பிச்சை அடியில் புகுந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்ணா, இதுல எதையாவது கட்டியிருந்தீங்களா?" என்றார்.

"எலுமிச்சங்கயிறு கட்டுவேனுங்க பாய்."

"நல்ல எடம் பாத்தீங்க போங்க. அதுதானுங்க சென்சாரு. காத்து அளக்கறதே அதுதான். சூடு ஏறுனா அதுக்குள்ள கரண்டு சுளுவாப் போகும், குளுந்தாச் சிரமப்பட்டுப் போகும். எவ்வளவு போகுதுன்னு பாத்து உள்ள இருக்கற கம்ப்யூட்டரு நம்பராக் காட்டும். இப்ப அது பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. ரெண்டு வயரு அந்து தொங்குது, அவ்வளவுதான்."

"நம்பரு காட்டுதுங்களே பாய்."

"காட்டாதுங்ணா. வெறுங்கோடுதான் வரணும்." அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மறுபடி அடியில் போய், அறுந்த இரண்டு வயர் முனைகளையும் டேப் சுற்றித் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டு வந்தார். எண் அசையவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நிக்கறதால அப்படியே நிக்குதுங்களா?" என்று கேட்டான் ஆறுச்சாமி.

"அது வேற கதைங்க. வண்டி நின்னா இஞ்சின் சூடு மூக்குக்கு வந்துரும், அதை வெளிக்காத்துன்னு பொய்யாக் காட்டிப்போடும். அதனால நிக்கும்போது நம்பரை ஏற உடாதுங்க. எறங்கறதுன்னா எறங்கும். முப்பது கிலோமீட்டர் வேகத்துல ஓட்டுனாத்தான் மறுபடி ஏறும்." சொல்லிக்கொண்டே எண்ணுக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பொத்தானை அழுத்தினார். வண்டி வந்த நாளிலிருந்து யாரும் தொடாத பொத்தான். முப்பத்தேழு போய், வேறு எண் வந்தது.

தொண்ணூற்றெட்டு.

"பாரன்ஹீட்டு," என்றார் மைதீன் பிச்சை. "காச்சல் இல்லாத ஆளாட்டம் இருக்குது." சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. கூலி எதுவும் வேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு போங்க என்றார்.

அன்புச்செல்வி நர்ஸ் படிப்பில் சேர்ந்த அன்று ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து வீட்டில் ஒவ்வொருவர் வாயிலும் வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு அம்பு. அதுதான் நல்ல ஆள், அப்பா, என்றாள். ஆறுச்சாமிக்குக் காய்ச்சல் என்றால் நூறு, நூற்றிரண்டு. முப்பத்தேழு என்றால் வெயில். காலையிலிருந்து கண்ணுக்கு முன்னால் நின்ற எண்ணை அவன் வெயில் கணக்கில்தான் பார்த்திருக்கிறான்.

உக்கடம் குளத்தோரம் வண்டியை ஓரங்கட்டினான். காலையில் அவன் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் இப்போது வரிசையாக வந்தது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பொம்பளை. மொத்து விழுந்தவள் ஒரு நொடி பம்பரைப் பிடித்துக்கொண்டாள். கீழே போகும்போது கை எதையோ பற்றியது. வெடுக்கென்று ஒரு இழுப்பை ஸ்டீரிங்கிலேயே உணர்ந்தான். கயிறு அறுந்து விழவில்லை. கயிறு அவள் கையில் இருக்கிறது. அந்தக் கறுப்பு மொட்டு அவள் பிடிக்குள் இருக்கிறது.

அவள் உயிரோடு இருக்கிறாள்.

அந்த இடத்துக்கு முக்கால் மணி நேரம். போயிருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அன்று அவன் செய்ய வேண்டியிருந்த காரியம் அது ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஆறுச்சாமி வண்டியை முதலாளியின் கோயமுத்தூர் பங்களாவுக்குக் கொண்டுபோய் போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டு, சாவியை ஒரு திருப்பு திருப்பி வைத்துக்கொண்டு, எண்ணையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இந்நேரம் யாராவது பார்த்திருப்பார்கள். பாலுக்கு வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வைக்குள் படுத்திருப்பாள், அதுதான் தொண்ணூற்றெட்டு.

பதினொரு மணிக்குத் தொண்ணூற்றேழு ஆனது.

நின்றால் இறங்கும், ஏறாது. அப்படியானால் உண்மையாகவே இறங்கியதா, இறங்கிவிட்டுத் திரும்ப ஏறிவிட்டதா? ஓட்டினால்தான் தெரியும். வண்டியை எடுத்தான். அவினாசி ரோட்டில் முப்பதைத் தாண்டியதும் எண் தொண்ணூற்றெட்டுக்கு வந்தது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்ற மகளுக்குக் காய்ச்சல் விட்டபோதுகூட அவன் அப்படி மூச்சு விட்டதில்லை. அதற்கப்புறம் அவனால் நிறுத்த முடியவில்லை. ரேஸ்கோர்ஸைச் சுற்றினான். லட்சுமி மில் வரை போய்த் திரும்பினான். சிக்னலில் நின்றால் பயம், ஒன்று குறையும். பச்சை விழுந்து ஓடினால் திரும்பி வரும். ஒருமுறை தொண்ணூற்றொன்பது கூட ஆயிற்று. எல்லாச் சாலையிலும் போனான், மேட்டுப்பாளையம் ரோட்டைத் தவிர.

ஒரு எஸ்.டி.டி. பூத்தில் இறங்கி ரிசீவரை எடுத்தான். நூறு என்று அடித்தால் போதும். ஒன்றை அழுத்தினான். பெயரைக் கேட்பார்கள். நீ எப்படிப் பார்த்தாய் என்பார்கள். எந்த வண்டி என்பார்கள். ரிசீவரை வைத்துவிட்டு வந்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பங்களாவில் தொண்ணூற்றைந்து. ஓட்டிப் பார்த்தும் ஏறவில்லை. திரும்பி வந்து நிறுத்தும்போது சமையல்காரி பங்காரம்மா பின்வாசலில் நின்று, "பாம்பேயிலிருந்து ஐயா போன்ல. உன்னைத்தான் கூப்பிடறாரு," என்றாள்.

"ஆறுச்சாமி, சாப்பிட்டீங்களா?" என்றார் முதலாளி.

"ஆச்சுங்க."

"ஏர்போர்ட்டுல கவனிச்சேனுங்க. வண்டி முன்னால நீங்க கட்டுவீங்களே, கயிறு. அதைக் காணோம்."

ஆறுச்சாமி எல்லாவற்றையும் சொன்னான். சென்சார், அறுந்த வயர், தொண்ணூற்றெட்டு, அவள் உயிரோடு இருப்பது. பைத்தியம் என்று திட்டுவார் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப இன்னும் பேசுவா," என்றார் முதலாளி மெதுவாக. அவர் ஒருவரை 'ங்க' இல்லாமல் சொல்லி ஆறுச்சாமி கேட்டது அதுதான் முதல் தடவை. "அந்தச் சாமானுல கம்பெனி பேரு அடிச்சிருக்கும். நம்ம ஊருல எத்தனை பேருகிட்ட இந்த வண்டி இருக்குதுன்னு போலீசுக்குத் தெரியாதுங்களா? போய் எடுத்துட்டு வந்துருங்க. பொழுது எறங்கட்டும். அன்புச்செல்விக்குப் பரிட்சை எப்பங்க?"

"பங்குனியிலங்க."

"நல்லாப் படிக்கச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

நாலரை மணிக்குக் கிளம்பினான். கயிற்றை எடுத்துக்கொண்டு, அங்கிருந்தே பக்கத்து ஊர் பூத்துக்குப் போய்ப் பெயர் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிடுவது என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டான். இரண்டும் நடக்கும். அவளும் பிழைப்பாள், வீடும் இருக்கும். சரவணம்பட்டி தாண்டி ஊர்ச்சாலையில் திரும்பும்போது எண் தொண்ணூறு. அறுபதில் ஓட்டியும் எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு.

மேற்கே மலைக்குப் பின்னால் வெளிச்சம் சுருங்கிக்கொண்டிருந்தது. சோளக்காட்டுக்கு மேல் பனி கட்டத் தொடங்கியிருந்தது. பள்ளத்துப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மொபெட் குறுக்கே நின்றது. ஐம்பது வயதுக்காரர், தலையில் துண்டு, கையில் டார்ச். ஆறுச்சாமி கண்ணாடியைப் பாதி இறக்கினான். முதலாளி வண்டியில் கறுப்பு பிலிம் ஒட்டியிருந்ததால் இறக்கினால்தான் ஆள் தெரியும்.

"ஏனுங்க, வழியில எங்காச்சும் ஒரு பொம்பளயப் பாத்தீங்களா? என்ற ஊட்டுக்காரிங்க. மாசாணியம்மாள்னு பேரு. வெடியால பாலூத்தப் போனவ வரலீங்க. நேத்து ஒரு பேச்சு ஆகிப்போச்சு. கோவிச்சுக்கிட்டு பொள்ளாச்சிக்கு மக ஊட்டுக்குப் போயிட்டான்னு நானும் சும்மா இருந்துபோட்டேன். இப்பப் போன் போட்டா அங்க வரலீங்கறாங்க."

அவர் முகத்துக்குக் கீழே, பச்சை வெளிச்சத்தில், எண்பத்தேழு.

"இல்லீங்க," என்றான் ஆறுச்சாமி. "நான் இந்த ரோட்டுக்கே இப்பத்தான் வாரேன்."

"சரிங்க. பாத்துப் போங்க, பனி எறங்குது," என்று சொல்லிவிட்டு அவர் மொபெட்டை உருட்டிக் கிளப்பி, சரவணம்பட்டிப் பக்கம் போனார். டப டப சத்தம் தேய்ந்து போகும்வரை ஆறுச்சாமி அசையாமல் இருந்தான். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாலத்துக்கு ஓட்டிப்போய், இஞ்சினை அணைக்காமல், இறங்கினான்.

பள்ளத்துச் சரிவில் வேலிமுள் உடைந்து ஒரு தடம் போயிற்று. பால் கேன் கல்லிடுக்கில் கிடந்தது, வாயெல்லாம் எறும்பு. புளித்த வாசம். காலையில் கையில் ஒட்டிய அதே வாசம். தடம் பாலத்துக்கு அடியிலிருந்த குழாய் வாய்க்குப் போனது. குளிருக்குப் பயந்து அவளே ஊர்ந்து போயிருக்கிறாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் ஒன்று திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வலது கையை மூடி, சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கயிறு விரலிடுக்கில் தொங்கியது, அதில் நசுங்கிய பாதி எலுமிச்சை.

கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்தது.

"வந்துட்டீங்களா," என்றாள்.

குனிந்து அவள் கையை வெளியே எடுத்தான். விரலெல்லாம் சில்லிட்டிருந்தது, உள்ளங்கைக்குள் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பு. பிடி இறுகியிருந்தது. "உடுங்க அம்மணி," என்றான். அவள் விடவில்லை. விட முடியவில்லையோ என்னவோ. அதுதான் தன்னைக் காப்பாற்றப் போகிற கயிறு என்று நினைத்தாளோ என்னவோ. "உட்டுப்போடுங்க. ஆஸ்பத்திரிக்குச் சொல்றேன். உட்டுப்போடுங்க."

சுண்டுவிரலை முதலில் நிமிர்த்தினான். அப்புறம் மோதிரவிரல். நடுவிரல் மடங்கி மடங்கித் திரும்ப வந்தது. முட்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதை நிமிர்த்தினான். ஆள்காட்டி விரல். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமாக இல்லை, புரியாமல். கட்டைவிரலைப் பிரித்தபோது அவள் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு நீளமாக வெளியே வந்தது. அது திரும்ப உள்ளே போகவில்லை.

இனி போன் செய்ய வேண்டியதில்லை என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவன் பின்னால் அழுதிருப்பான், பின்னால் என்று ஒன்று இருந்திருந்தால்.

கறுப்பு மொட்டை இடது கைக்குள் வைத்து மூடி, வலது கையால் வேரைப் பிடித்து மேலே ஏறினான். வண்டிக்குள் எண் எழுபத்தொன்பதில் நின்றது. வலது கையையே குறுக்கே நீட்டிக் கியரைப் போட்டு நகர்த்தினான். முப்பதைத் தொட்டதும் எண் ஏறத் தொடங்கியது. எண்பத்தைந்து. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு. ஒரு கணம் அவள்தான் எழுந்துவிட்டாள் என்று நினைத்துக் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தான். பிறகு புரிந்தது. இது என் சூடு. என் கைக்குள் அல்லவா இருக்கிறது. கொஞ்சம் சிரித்துக்கூட விட்டான்.

கியர் மாற்ற இடது கையைத் திறக்கப் போனான். திறக்கவில்லை.

மரத்துப் போயிருக்கும் என்று தொடையில் குத்தினான். ஸ்டீரிங்கில் அடித்தான். பல்லால் கடித்தான். வலித்தது, திறக்கவில்லை. மூடிய கையாலேயே கியரைத் தள்ளினான். வண்டி உதறியது, குலுங்கியது, நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினான். ஒரு உறுமல், அவ்வளவுதான். மறுபடி திருப்பினான். அதுவும் இல்லை. பச்சை எண் மட்டும் எரிந்தது.

தொண்ணூற்றேழு.

பனி கண்ணாடியில் வந்து படிந்தது. சோளத்தட்டு ஒன்றோடொன்று உரசியது. வேறு சத்தம் இல்லை.

தொண்ணூற்று நாலு.

குளிர் கையிலிருந்து வரவில்லை. காலிலிருந்து வந்தது. முட்டிக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. வண்டி ஓடினால்தான் எண் ஏறும். வண்டி நிற்கிறது. நின்றால் ஏறாது. இறங்கும். மைதீன் பிச்சை அப்படித்தான் சொன்னார். எண்பத்தொன்பது. சாவியைப் பிடித்த விரல்களில் திருப்புகிற பலம் இல்லை. தன்னை அறியாமல் இடது கையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தான்.

டப டப சத்தம். பின்னால் ஒரு வெளிச்சம் வந்து, வண்டியைச் சுற்றி, கதவுப் பக்கம் நின்றது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

"ஏனுங்க. வண்டி நின்னுபோச்சுங்களா?"

ஆறுச்சாமி வாயைத் திறந்தான். தாடை அசைந்தது, குரல் வரவில்லை. டார்ச் வெளிச்சம் கறுப்பு பிலிமில் பட்டுத் திரும்பியது. அந்த மனிதர் கண்ணாடியோடு நெற்றியை வைத்து, கையால் மறைத்துக்கொண்டு, உள்ளே பார்த்தார். ஒரு சாண் தூரம். நேராக இவன் கண்ணைத்தான் பார்த்தார். அவருக்கு அவர் முகம்தான் தெரிந்தது.

"ஆருமில்லையாட்ட இருக்குது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். டப டப என்று போய்விட்டார்.

எண்பத்திரண்டு. எழுபத்தெட்டு.

வண்டிக்குள் பால் வாசம் வந்தது. புளித்த பால்.

அப்போது நெஞ்சோடு வைத்திருந்த கையின் சுண்டுவிரல் தானாக நிமிர்ந்தது. தானாக இல்லை. யாரோ பிடித்து நிமிர்த்தினார்கள், அவசரமில்லாமல். எவ்வளவு அடித்தும் கடித்தும் திறக்காத கை. இப்போது அதை மூடி வைத்துக்கொள்ள அவன் வலது கையைக் கொண்டுபோய்ப் பொத்தினான். பொத்திய கைக்குள்ளேயே மோதிரவிரல் நிமிர்ந்தது.

நடுவிரல். அது மடங்கி மடங்கித் திரும்ப வந்தது. முட்டிபோல ஏதோ ஒன்று அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

ஆள்காட்டி விரல்.

எழுபத்தொன்று.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஆறுச்சாமி. கட்டைவிரல் மட்டும் பாக்கி இருந்தது.